விழும் என்று சொன்ன வாய்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகையே, பட்டறைப் புகையில் பாடம் படித்த பெரியோர்களே, பிள்ளையை வளர்த்த கையாலேயே தொழிலையும் வளர்க்கும் தாய்மார்களே, தொடங்கத் துடிக்கும் தோழர்களே, வணக்கம்!

நான் தொட்டில் செய்து விற்பவன். இரும்பை வளைப்பேன், பேச்சை வளைக்கத் தெரியாது.

எங்கள் புதிய தொட்டில்கள் லாரியில் ஏறிவிட்டன. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். மாதிரிக்குச் செய்த முதல் தொட்டில் என் மகள் வீட்டில். அதில் என் பேரன். அந்த நேரம் பார்த்து என் மைத்துனர் கேட்டார்: "மாமா, தொட்டில் தொங்குற கொக்கி கழண்டுச்சுன்னா?"

பொருளைச் சோதிப்பது அவர் பொறுப்பு. பட்டறையில் அவருக்குப் பெயர் 'அபசகுனம்'. சிரிக்காதீர்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்!

என் மனைவி சீறினாள்: "தொட்டில் கிளம்புற நேரத்துல இதென்ன பேச்சு? வாயைக் கழுவுடா!"

"கழுவுறேன் அக்கா. கழண்டா பிள்ளை விழும். எப்படிக் கழலும்? மூத்த பிள்ளை பக்கவாட்டுல இழுத்து ஆட்டும். சரி, கழலப்போகுதுன்னு முன்னாடியே யாருக்காவது தெரியுமா?"

தெரியுமா? எனக்குத் தெரியவில்லை!

லாரியிலிருந்து ஒரு தொட்டிலை இறக்கி, அதில் மணல்மூட்டையை வைத்தோம். நேராக ஆட்டினோம், கொக்கி தாங்கியது. வேகமாக ஆட்டினோம்; தாங்கியது. "பாத்தியா?" என்றாள் மனைவி. மைத்துனர் பக்கவாட்டில் இழுத்து விட்டார். சத்தம் இல்லை, சாய்வு இல்லை, சாடை இல்லை. மூட்டை தரையில் கிடந்தது!

மகளுக்கு போன் போட்டேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுத்தாள்.

"பிள்ளையைத் தூக்கு!"

"இப்பதான்ப்பா கண் அசந்தான். பெரியவ ஆட்டிக்கிட்டு இருக்கா."

"தூக்கும்மா!"

பேரன் வீறிட்டான். தூக்கியதால் அழுகிறானா, விழுந்து அழுகிறானா? "தூக்கிட்டேன்ப்பா, என்னாச்சு?" என்ற பிறகே என் மூச்சு திரும்பியது.

லாரியில் ஏற்றியதையெல்லாம் இறக்கினோம். கொக்கிக்குப் பூட்டு வைத்தோம். பூட்டும் போனால் தாங்க ஒரு பட்டை வைத்தோம். பட்டை தாங்கும்போது தொட்டில் ஒரு சாண் இறங்கும். பெற்றவள் கண்ணில் படும்.

என்ன ஐயா, இப்படிப் பார்த்தால் ஒரு பொருளும் வெளியே போகாதா? போகும்! எது பெருங்கேடு, எது அடிக்கடி வரும், எது சொல்லாமல் வரும்? மூன்றும் ஒன்றில் சேர்ந்தால் அதை முதலில் திருத்துங்கள். மற்றவை வரிசையில் நிற்கட்டும்!

சொல்லுக்கா அஞ்சுவது? பட்டறையில் 'விழும்' என்றால் விழுவது மணல்மூட்டை. பட்டறை வாய்மூடி இருந்தால் விழுவது யார் வீட்டுப் பிள்ளை?

இப்போது ஒவ்வொரு லாரியும் கிளம்பும்முன் என் மனைவியே தம்பியைக் கூப்பிடுகிறாள்: "டேய், வந்து கெடுதலா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போடா!"

அந்த வாய்க்கும், அதைக் கேட்ட உங்கள் காதுகளுக்கும் என் நன்றி. வருகிறேன், வணக்கம்!