வால் மட்டும் பிழைத்த நொதி

காற்று திசை மாறும் பருவம் இது. வெயில் விடைபெறவுமில்லை, மழை வந்து சேரவுமில்லை. இலைகள் கிளைகளில் நிலைகொள்ளாது புரள்கின்றன. எங்கள் ஆய்வுக்கூட எலிகளும் இந்நாள்களில் கூண்டின் மரத்தூளைக் கிளறியபடியே இருக்கும். நான் உறங்கிப் பல நாளாயிற்று. ஐயா, விசாரிக்க வந்த தாங்கள் கேட்பதால் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

என் தங்கையின் நோய்க்குக் காரணம், அளவுமீறிச் சுரக்கும் ஒரு நொதி. அதை அடக்கும் மருந்தைக் கண்டேன். நொதி அறவே இல்லாவிடில் உயிர் தரிக்குமா என்றறிய, அதற்குரிய மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினோம். அவை துள்ளித் திரிந்தன. ஆகவே, மருந்தால் தீங்கில்லை என்று எழுதினேன்.

எலிகளில் நொதி இல்லை என்று காட்டிய எங்கள் சோதனை, அதன் தலைப்பகுதியை மட்டுமே கண்டுகொள்ளும். உடன் பணியாற்றிய அம்மையார் வால்பகுதியைத் தேடிப் பார்த்தார்.

"தலை போயும் வால் ஆடுது டாக்டர். குட்டையா ஒரு நொதி எலிக்குள்ள மிச்சமிருக்கு. அதாலதான் அதோட இதயம் ஓடுது. நம்ம மருந்து அதையும் சேர்த்து அடக்கிடும்."

"ஆடினா ஆடட்டும்மா. கடிக்கலையே?"

"கடிபடப் போறது எலி இல்ல, மனுஷங்க. விளையாடாதீங்க."

அவரை வேறு பிரிவுக்கு மாற்றினேன். நல்லவர், சற்றே அவசரப்படுவார்.

நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது எவருக்கும் தெரியலாகாது.

"ஊருக்கெல்லாம் குடுக்கற, கூடப்பிறந்தவளுக்குக் கிடையாதா அண்ணா?" என்றாள் தங்கை.

சேர்த்துக்கொண்டேன். அவளுக்குரிய மாத்திரையை மட்டும் நானே தேர்ந்தேன். மாவு மாத்திரை.

பின்னர் மருந்துண்டோரின் இதயங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர்கள் குருதியில் அந்த நொதி துளியும் இல்லை. மருந்து தன் கடமையைப் பிழையறச் செய்திருந்தது. தங்கை இன்னும் நோயோடிருக்கிறாள், ஆனாலும் இருக்கிறாள். மருந்தின்மீது எனக்கு ஐயமே இருந்ததில்லை. இருந்திருந்தால் அத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேனா?

இன்று காலை கைகூப்பி, பழம்பாடல் ஒன்றை மெல்ல ஓதி, இறந்தோர் பெயர்களை இறைவன் திருமுன் வைத்தேன். மனம் சற்றே அடங்கியது.

என்னை நம்பிய அனைவரும் நோயற்று நீடு வாழ்க.