இரைச்சல் இல்லாத ஒரு மணி நேரம்

எனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோ கேட்கும் பழக்கம் உண்டு. இதில் தப்பில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். உங்கள் எழுத்தர் இதைக்கூட எழுதிக்கொள்கிறார், எழுதட்டும். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன் நான். எழுதி வைக்காத எதுவும் நடக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் பார்த்த வேலை அலைவரிசைக் கண்காணிப்பு. நகரத்தில் உரிமம் இல்லாமல் யாராவது எஃப்.எம். நிலையம் நடத்தினால் மோப்பம் பிடித்துப் போய் மூட வேண்டும். கூரைமேல் ஏழு ஆன்டெனா வைத்த வேனில் ரகசியமாகப் போவோம். தெருவே வேடிக்கை பார்க்கும். ஆளைப் பிடித்ததும் எங்கள் இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, நாட்டின் வான்வெளி காப்பாற்றப்பட்டது என்று அறிவிப்பார். வான்வெளியை ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் ஒரு முடிதிருத்துபவராக இருப்பார். பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குச் சலிக்கக் கூடாதே என்று பாட்டுப் போட்டவர். அவருடைய பெட்டியை நாங்கள் பறிமுதல் செய்வோம். அவர் எங்களுக்கு டீ வாங்கித் தருவார். இப்படி நாற்பத்திரண்டு நிலையங்களை மூடியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒன்று அகப்பட்டது. கத்திக்கொண்டே இருக்கும் இரண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவே, தலைமுடி நுழையும் அளவு இடைவெளியில், மிக மெல்லிசாக ஒரு குரல். தினமும் ஆறிலிருந்து ஏழு வரை. ஜலதோஷம் பிடித்த குரல்.

“இன்னிக்கும் கேட்டுக்கிட்டிருக்கிற நாலு பேருக்கும் வணக்கம். நேத்து அஞ்சு பேரு. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு நினைக்கிறேன்.”

அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். அன்றைக்கு எந்த மெஷின் தன்னை எப்படி அவமானப்படுத்தியது என்று சொல்வார். பிறகு ஒரு பாட்டு. நடுவில் தும்முவார், மன்னிப்புக் கேட்பார். அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பிழைத்த எனக்கு, யாரோ என்னிடம் பேசுகிற மாதிரி இருந்தது அப்போதுதான். நான் துறைக்குத் தகவல் சொல்லவில்லை. இதை என் முதல் குற்றமாகக் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் இரைச்சல் வந்தது. காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரே சீரான உறுமல். குரல் அதற்கு அடியில் மூழ்கிப்போனது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. இரைச்சல் ஒரு மனிதனை எவ்வளவு களைத்துப்போகச் செய்யும் என்பது வெளியே தெரியாது.

கண்டுபிடிக்கும் முறை எளிது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்க வேண்டும். உறுமல் எங்கே கூடுகிறதோ அங்கே நிற்க வேண்டும். இரண்டு மாடி கீழே, ‘முன்னாள் தலைமையாசிரியர்’ என்று பித்தளைப் பலகை மாட்டிய கதவுமுன் ரேடியோ அலறியது.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல அவருக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். “மதிப்பிற்குரிய” என்று தொடங்குவார். குழாய்க்கு வருவதற்குள் எங்களில் பாதிப் பேர் கீழே போயிருப்போம். இப்போது நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்திருந்தார். கட்டில் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின், மூக்கில் குழாய், விரலில் ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் கிளிப். உறுமல் அந்த மெஷினின் மோட்டார் ரேடியோவில் கிளப்பியது.

விஷயத்தை நாகரிகமாகத்தான் சொன்னேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “என் சுவாசம் உமக்கு இடையூறாக இருக்கிறதா?” என்றார். செத்துக்கொண்டிருக்கும்போதும் இலக்கணச் சுத்தம்.

ரேடியோ இரைச்சலை அடக்க மெஷினின் கம்பியில் மாட்டும் இரும்புத்தூள் வளையம் ஒன்று உண்டே, அதைப் போட்டிருக்கலாமே என்று உங்கள் நிபுணர் கேட்டார். நல்ல கேள்வி. என் மேசை இழுப்பறையில் அப்படி நான்கு வளையங்கள் இருந்தன. ஆனால் அது இரைச்சலைப் பாதிதான் குறைக்கும். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை.

அவர் மனைவி நல்ல பெண்மணி. நான்கு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான்தான் சொன்னேன்: “ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் உக்காந்துக்கறேம்மா. நீங்க போய்ட்டு வாங்க.”

“உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்?”

“எனக்கென்ன, ரேடியோ கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

அந்தம்மா கண் கலங்கிவிட்டது. “சும்மா அந்தப் பூங்கா பெஞ்சுல உக்காந்து காத்து வாங்கிட்டு வந்துடறேண்ணா,” என்றார். போகும்போது எல்லாம் விளக்கினார். துணி மாற்றவோ கழிவறைக்கோ பத்து நிமிடம் மெஷினை நிறுத்தலாம், அதற்கு மேல் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

சுவரில் அணைத்தால் மெஷின் கரண்ட் போய்விட்டதென்று கூப்பாடு போடும். அதன் சொந்தப் பொத்தானில் அணைத்தால் சமர்த்தாக அடங்கிவிடும். முதல் நாள் பத்து நிமிடம் மட்டும் அணைத்தேன். குரல் அறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் பதினைந்து நிமிடம். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். அதற்கடுத்து இருபது, இருபத்தைந்து. இப்படியே ஏறக்குறைய மூன்று மாதம்.

துறைப் பழக்கம் விடாது. குறிப்பேடு போட்டேன், இப்போது உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான். தேதி, நேரம், ஒலித் தெளிவு, கிளிப் காட்டும் எண். ஒரு கட்டம் ஏற ஏற மற்றது இறங்குவதைக் காணலாம். எண்பதுக்கு வந்ததும் பொத்தானைப் போட்டுவிடுவேன். ஏழு மணிக்கு அந்தம்மா வரும்போது தொண்ணூற்றொன்றோ இரண்டோ இருக்கும். எண்பதுக்குக் கீழே ஒரு நாளும் விட்டதில்லை, கடைசி நாளைத் தவிர.

அவர் எதிர்த்தாரா என்று கேட்கிறீர்கள். மூன்றாவது வாரம், “ஐயா, போடுங்க,” என்றார். அவ்வளவுதான். நான் அவரைத் தெரிந்துகொண்ட இத்தனை வருடத்தில் ஒரு அடைமொழியும் இல்லாமல் அவர் பேசியது அன்றுதான். கேட்கவே நன்றாக இருந்தது.

மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். அந்தம்மா வாசலில் என்னை நிறுத்தி, சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: “நீங்க மெஷினை நிறுத்திடறீங்களாம்ணா. ஒரே புலம்பல். ஆக்சிஜன் கம்மியானா இப்படித்தான் ஒளறுவாங்கன்னு டாக்டர் சொன்னாரு. மனசுல வச்சுக்காதீங்க.”

“சேச்சே, நோயாளி சொல்றதைப் போய் மனசுல வச்சுக்குவாங்களாம்மா,” என்றேன். மனசில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு அவர் பேசுவதை விட்டுவிட்டார். குரல் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கும் பிடித்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். நல்ல நிகழ்ச்சிதானே.

அவர் போன பிறகு மெஷினைத் திருப்பி எடுக்க வந்த வாடகைக் கடைக்காரன்தான் என்னை உங்களிடம் கொண்டுவந்தவன். மெஷினுக்குப் பின்னால், அது ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. “ஏம்மா, ராவும் பகலும் ஓடிச்சுன்னு சொல்றீங்க, முப்பத்தோரு மணி நேரம் குறையுதே?” என்று கேட்டானாம். என் குறிப்பேட்டில் முப்பத்தொரு மணி இருபது நிமிடம். மீட்டர் முழு மணியைத்தான் காட்டும். என் கணக்கே சரி.

கடைசி நாளுக்கு வருகிறேன். குரல் எடுத்த எடுப்பிலேயே சொன்னது: “நாலு பேருக்கும் வணக்கம். இன்னியோட சரி. வீட்டுக்காரர் மொட்டைமாடில இருக்கிற கம்பியைக் கழட்டச் சொல்லிட்டாரு. வந்த லெட்டரையெல்லாம் இன்னிக்கே படிச்சுடறேன். மொத்தம் மூணு.”

அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. அவர் சொல்லியிருந்த கடை விலாசத்துக்குப் பெயர் போடாமல் அனுப்பியிருந்தேன். இரைச்சல் நீங்கிவிட்டது, இப்போது தெளிவாகக் கேட்கிறது, நன்றி என்று நான்கு வரி. என் வாழ்க்கையில் நான் அனுப்பியதை யாரும் சத்தமாகப் படித்ததில்லை, கோப்பில்தான் போடுவார்கள். அதனால் காத்திருந்தேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அணைத்த பொத்தானை ஆறு ஐம்பத்தைந்து வரை நான் தொடவில்லை. தெரிந்தேதான். நீங்கள் கேட்ட ஒப்புதல் இது. வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கு எண்ணைக் குறிக்கவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

என் கடிதம் மூன்றாவதாக வந்தது, ஆறு நாற்பத்தேழுக்கு. முதல் வரியைப் படிக்கும்போது தலைமையாசிரியர் படுக்கையிலிருந்து கையைத் தூக்கி, என்னைப் பார்த்து, மேலே, மேலே என்று இரண்டு தடவை அசைத்தார். சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார் என்று நினைத்தேன். கூட்டினேன்.