அர்த்தநாரியின் மஞ்சள் மாத்திரை

கொடிக்கால் வைத்திருந்தும் எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. என் வெள்ளைப் பல்லைப் பார்த்தே ஊரார் என்னை நல்லவன் என்று நம்பிவிட்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

என் தம்பி அர்த்தநாரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது எழுபத்தெட்டாம் வருஷத்தில். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். உடம்பு அதை அந்நியமென்று நினைத்துத் தாக்கும், ஆகவே ஆயுசுக்கும் மஞ்சளில் ஒரு மாத்திரை, வெள்ளையில் ஒன்று, ஒருநாளும் விடக் கூடாது என்றார் டாக்டர். ஒரே வயிற்றில் பிறந்தவன் கொடுத்தது எப்படி அந்நியமாகும் என்று கேட்டேன். பங்காளிகள் அடித்துக்கொள்ளாமலிருக்க மாத்திரை உண்டென்றால் எங்கள் பரமத்தி வேலூருக்கு ஒரு லாரி அனுப்புங்கள் என்றும் சொன்னேன். வார்டே சிரித்தது.

மாத்திரை டப்பா என் பொறுப்பு. விடிந்ததும் என் கையாலேயே கொடுப்பேன். இரண்டு வருஷத்தில், முகம் பூசணிக்காயாக உப்பினாலும், ஆள் தேறி மண்வெட்டி பிடித்தான்.

தேறியவன் ஒரு தை மாதத்தில் சொன்னான்: "ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. கெணத்தையும் கொடிக்காலையும் பிரிச்சுக்கலாமுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. என்னில் ஒரு பங்கை வயிற்றில் வைத்துக்கொண்டு மிச்சத்தில் பாதி கேட்கிறான். பாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, பார்த்துவிடலாமே என்று தோன்றியது. மஞ்சளை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டேன். வெள்ளையைத் தொடவில்லை, அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை நான்.

மறுநாள், "மாத்திரை இனிக்குதுங்ணா," என்றான்.

"முழுங்கு சாமி," என்றேன்.

மாசிக் கடைசியில் காய்ச்சல் வந்தது, கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. அவன் மனைவி குஞ்சம்மாள் மெட்ராஸ் போகலாமென்று அழுதாள். வெற்றிலை பறித்து முடியட்டும் என்றேன். முடியப் பதினெட்டு நாள் ஆயிற்று.

மெட்ராஸ் போகும் வழியில், சேலம் பஸ் நிலையத்தில், என் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தான். கடைசிவரை என் கையைத்தான் பிடித்திருந்தான்.

எடுத்த மாத்திரைகளை எறிய மனமில்லாமல் உரச்சாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். குஞ்சம்மாள்தான் கண்டெடுத்து ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் ஐயா: அண்ணன் தம்பி நாங்கள் கடைசிவரை பிரியவே இல்லை. கிணறு இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது.