நாற்பத்தொரு பெயர்கள் போன இடம்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே! பேராசிரியரோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, இன்று முன்வரிசையில் கண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! வகுப்பை விட்டு வந்திருக்கும் மாணவ மாணவிகளே! இந்த அரங்கிலேயே பெரிய மலர்வளையத்தை அனுப்பியதோடு நில்லாமல், நேரிலும் வந்து ஓர இருக்கையில் அமர்ந்திருக்கும் ஆடை நிறுவனத்தின் பிரதிநிதி அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்தப் பொருளாதாரப் புவியியல் துறையின் வரைபடக்காரன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேராசிரியரின் கட்டுரைகளுக்குப் படம் போட்டவன். இந்த இரங்கல் கூட்டத்துக்குத் துக்கத்தோடு வந்திருக்கிறேன். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது, சந்தேகத்தோடும் வந்திருக்கிறேன். அந்த மனிதரோடு அத்தனை காலம் பழகியவன் வேறு எப்படி வருவான்?

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காலர் சார்'. முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்க்கச் சொல்வார். யாராவது ஒரு நாட்டின் பெயரைப் படிப்பார்கள். "நம்பிட்டியா?" என்பார். வகுப்பு சிரிக்கும். பஞ்சு ஒரு நாட்டில் விளைகிறது, நூல் இன்னொரு நாட்டில் ஆகிறது, பொத்தான் மூன்றாவது நாட்டிலிருந்து வருகிறது, விலையை நான்காவது நாட்டில் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். காலரில் மட்டும் ஒரே ஒரு பெயர்! இதற்குத்தான் உலக உற்பத்தி வலைப்பின்னல் என்று பெயர், இதைத்தான் மூன்று ஆண்டு படிக்கப் போகிறீர்கள் என்று ஆரம்பிப்பார். தலைநகரங்களை மனப்பாடம் செய்யலாம் என்று வந்த பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அவர் யாரை நம்பினார்? எதை நம்பினார்? ஒருமுறை, இன்று மலர்வளையம் அனுப்பியிருக்கும் நிறுவனத்துக்காகச் சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலைக்கு எங்களை அழைத்துப் போனார். மேலாளர் பெருமையாகச் சொன்னார்: "எல்லா வேலையும் இந்த ஒரே கூரைக்குக் கீழதான் சார் நடக்குது. வெளிய ஒரு நூல் போகாது." பேராசிரியர் தலையாட்டினார். வெட்டும் மேசையைப் பார்த்தார், தையல் வரிசையைப் பார்த்தார், இஸ்திரிப் பகுதியைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "எல்லா மெஷினும் பாத்தேன். காஜா எடுக்கிற மெஷினையே காணோமே. பொத்தான் ஓட்டை இல்லாமதான் சட்டை கப்பல் ஏறுதா?"

மேலாளர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "டீ சாப்பிடுங்க சார்."

டீயைக் குடித்துவிட்டு, வாசலில் நின்ற வேனின் பின்னால் ஆட்டோவில் போனோம். வேன் சந்து சந்தாக நுழைந்தது. வீடு வீடாகச் சட்டைக் கட்டுகள் இறங்கின. ஜன்னலோரம் உட்கார்ந்து பெண்கள் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் காகிதத்திலும் இல்லாத பெண்கள்! அவர்களில் நாற்பத்தொரு பேர் அவரிடம் மனம் திறந்து பேசினார்கள். என்ன கூலி, யார் மிரட்டுகிறார்கள், கண் எரிந்தால் என்ன செய்கிறார்கள், எல்லாம் சொன்னார்கள். பேசியது வெளியே தெரிந்தால் மறுநாள் வேன் வராது என்பதையும் சொன்னார்கள்.

அதனால்தான் அவர் இரண்டு நோட்டு வைத்திருந்தார். ஒன்றில் பேச்சு இருக்கும், பெயர் இருக்காது. ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண் மட்டும் இருக்கும். இன்னொன்றில் எந்த எண் யார், எந்தத் தெரு என்று இருக்கும். பேச்சு நோட்டு துறையின் பீரோவில். பெயர் நோட்டு எங்கே? இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது எனக்குச் சொன்னாரா? இல்லை!

அவர் மறைந்த மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தோம். பேச்சு நோட்டு இருந்தது. பெயர் நோட்டு இல்லை. அன்றைக்கே துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, பேராசிரியர் பெயரில் ஓர் ஆய்வு மையம் கட்டித்தர நிறுவனம் முன்வந்திருக்கிறது என்றார். நல்ல செய்திதான். கூடவே, "அந்தப் பேர் நோட்டு உங்ககிட்ட இருக்கா? முழுசா ஒப்படைக்கணும்னு கேக்கறாங்க" என்றார். அப்படி ஒரு நோட்டு உண்டு என்று இவருக்குச் சொன்னது யார்? இன்று காலை வாசலில் நிறுவனத்தின் பிரதிநிதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் எழுதினதெல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்று விசாரித்தார். யாருக்குப் பத்திரமாக, ஐயா? கோபித்துக்கொள்ளாதீர்கள். கேள்வி என்னுடையது, கேட்கும் விதம் பேராசிரியருடையது.

உங்களை மட்டும் சந்தேகப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அவரையே சந்தேகப்பட்டேன்! கடைசி இரண்டு மாதம், உடம்பு முடியாத நிலையில், ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு மதியத்தில் கிளம்பிப் போவார். ஒரு நாள் அங்கே விசாரித்தேன். "இன்னிக்கு அவர் வரவேயில்லையே" என்றார்கள். எங்கே போனார்? யாரைப் பார்த்தார்? மையத்துக்குப் பேரம் பேசுகிறாரோ, அந்த நோட்டைக் கொடுத்துவிட்டாரோ என்றுகூட என் புத்தி போயிற்று. வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்.

நேற்று அண்ணியிடம் நேராகக் கேட்டுவிட்டேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நோட்டு இல்ல தம்பி. அவரே கிழிச்சுட்டாரு."

"கிழிச்சுட்டாரா? எதுக்கு அண்ணி?"

"ஒவ்வொரு பேரா கிழிச்சு, அவங்கவங்க கையிலயே குடுத்துட்டு வந்தாரு. 'நம்பிக் குடுத்தது, போறதுக்கு முன்னால திருப்பிக் குடுத்துடணும்'னாரு. நான் தெருமுனையில ஆட்டோவுலயே உக்காந்திருப்பேன். எந்த வீடுன்னு எனக்கும் சொல்லல. மூணு படி ஏறினா மூச்சு வாங்கும் மனுசனுக்கு. அப்படியும் விடல."

அவையோரே! தேடுகிறவர்கள் தேடலாம். நாற்பது பெயர்கள் நாற்பது கைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நாற்பது என்கிறேன். ஒன்று மிச்சம். அண்ணி உள்ளே போய் ஓர் உறையை எடுத்துவந்தார். மேலே பதினேழு என்று எழுதியிருந்தது. "இது மட்டும் உங்களுக்காம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பேர் இது ஒண்ணுதானாம்" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பெயரும் எண்ணும் சொல்லாமல் வீடுகளின் இடத்தை மட்டும் காட்டி, ஒரு வரைபடம் போட்டுத்தரக் கேட்டார். "புள்ளிய அப்படியே வைக்காத. நாலு தெரு தள்ளி வை" என்றார். நாற்பது புள்ளிகளைத் தள்ளித்தான் வைத்தேன். ஒரே ஒரு புள்ளியில் என் தொழில் திமிர் விடவில்லை. ஆற்றின் வளைவில் ஒற்றைத் தெரு, அதில் அந்த வீடு. அங்கிருந்து தள்ளினால் புள்ளி தண்ணீரில் விழும், படம் பார்க்கிறவன் சிரிப்பான் என்று, இருந்த இடத்திலேயே வைத்தேன். படம் அச்சானது. இரண்டே வாரத்தில் அந்தத் தெருவுக்கு வேன் வருவது நின்றது. அந்த வீட்டு அம்மாவுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே நின்றது.

அந்த அம்மா துறை வாசலுக்கு வந்து, தன் பெயரைச் சொல்லி நின்றார். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "படத்துல என் வீட்டப் போட்டது யாருங்க?"

பேராசிரியர் எழுந்தார். "நான்தாம்மா" என்றார்.

நான் அவருக்குப் பின்னால் கையில் சுருட்டிய படத்தோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா அவரைச் சொன்ன சொல்லையெல்லாம் அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அதன்பின் ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பெயர் நோட்டையும் என் கண்ணில் காட்டியதில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், அவர் யாரைச் சந்தேகப்பட்டார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? சரியான ஆளைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்! அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

துறைத்தலைவர் அவர்களே, மையம் வரட்டும், வராமல் போகட்டும். பேச்சு நோட்டை வைத்து நாம் பாடம் நடத்துவோம். எண்களுக்குப் பின்னால் யார் என்று இந்தத் துறை இனி யாரையும் கேட்காது, யார் கேட்டாலும் சொல்லாது. மாணவர்களே, நீங்களும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

அந்த அம்மா வீடு மாறிப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. உறை என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். பேராசிரியரின் படத்தின் முன் உறுதி சொல்கிறேன்: தெருத் தெருவாக நடந்து அந்த அம்மாவைக் கண்டுபிடிப்பேன். அவர் பெயரை அவர் கையில் கொடுப்பேன். அவர் என்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன்:

"அன்னிக்குச் சொன்னவர் பொய் சொன்னாரும்மா. போட்டது நான்."