வாசம் வராத அறை

ஜெலாப்பாங்கில் பஸ் ஏறினேன். எனக்கு முன்சீட்டில் இருவர், கையுறைப் பெட்டிகளுக்குக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கும் தொழிற்சாலைச் சட்டையில்.

“மச்சான், கதிருக்குப் பவர் குறைஞ்சிருச்சுபோல. கதிர் பாய்ச்சுற அறையில முந்தி அடிச்ச வாசமே இப்ப இல்ல.”

“அது கதிரோட வாசம் இல்லலா. கதிர் பட்டதும் காத்துல உள்ள ஆக்ஸிஜன் உடைஞ்சு ஓசோனா மாறுது. நெஞ்சுக்கு ஆகாது. ஃபேன் அதை வெளிய இழுக்குற வரைக்கும் வாசல்லயே நிக்கிறதானே?”

“எங்க நிக்க? லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். கதிர் நின்னதும் உள்ள போயிருவேன்.”

“அப்ப வாசம் அடிக்கணுமே!”

அப்படிக் கேட்ட நண்பன் தன் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்துக் காட்டினான்.

“கண்ண மூடு. வாசம் வந்ததும் சொல்லு.”

மூடியைத் திறந்து அவன் மூக்கருகே பிடித்தான். பின்சீட்டில் எனக்கே கண் எரிந்தது.

“ம், பாட்டிலைத் திற மச்சான்,” என்றான் கண்ணை மூடியிருந்தவன்.