கண்மணி கப்பலேறாத வருடங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் சிராங்கூன் சாலையில் நல்ல தகரப் பெட்டி கிடைப்பது கஷ்டம், ஐயா. பள்ளிக்கூடம் விட்டதும் ஊருக்குக் கப்பலேறுகிறவர்கள் கடையில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது தெரிந்து என் வீட்டுக்காரர் அக்டோபரிலேயே வாங்கிவிடுவார். புதுப் பெட்டி வீட்டுக்குள் வந்தால் எனக்குப் புரிந்துவிடும், இந்த வருடமும் முடிவு செய்துவிட்டார் என்று.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். என் பெயர் சந்திரமதி. வீட்டுக்காரர் துரைசாமி, அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். கெர்பாவ் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே பூவம்மாவின் குடும்பம். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க பஸ் ஏறாமல் வேலைக்கு நடந்தே போவார். சிகரெட்டை விட்டுவிட்டார். சாயங்காலம் வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஓடுவார். எல்லாம் டிசம்பரில் குடும்பத்தை ஊருக்குக் கூட்டிப் போவதற்காக.

ஊருக்குப் போய்வர ஆகும் செலவைப் பற்றி எங்கள் தேக்கா வட்டாரத்தில் எல்லாரும் பேசுவார்கள். டிக்கெட், மாமியாருக்குச் சேலை, கொழுந்தனுக்குக் கைக்கடிகாரம், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சோப்பு, பவுடர். இந்த வருடம் எவ்வளவு ஆயிற்று என்று மார்க்கெட்டில் கேட்டுக்கொள்வார்கள். நான் கீரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்களுக்கு ஆன செலவு அறிவழகன்.

அவன் எங்கள் மூத்த பிள்ளை. ஐம்பத்து நாலாம் வருட டிசம்பரில் போனோம். அப்போது அவனுக்கு ஐந்து வயது. போகும்போது கப்பலின் மேல்தட்டு முழுக்க அவனுடையதுதான். பாய் விரித்துப் படுத்திருந்தவர்களை எல்லாம் தாண்டித் தாண்டி ஓடுவான். ஒருவரும் திட்டவில்லை. திரும்பி வரும்போது நாகப்பட்டினத்தில் ஏறிய மறுநாள் காய்ச்சல் கண்டது. கப்பலில் டாக்டர் இருந்தார், மருந்தும் கொடுத்தார். யாரையும் குறை சொல்ல முடியாது. பினாங்குக்கு இன்னும் பாதிக் கடல் இருக்கும்போது போய்விட்டான்.

“பினாங்கு வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாதுங்களா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முடியாது என்றார்கள். அது கப்பலின் சட்டம். கித்தான் துணியில் வைத்துத் தைத்தார்கள். தைத்தவர் மலபார்க்காரர், வயதானவர். நெருக்கமாக, நன்றாகத் தைத்தார். கால் பக்கம் இரும்புத் துண்டுகள் வைத்தார்கள். நான் அப்போது மூன்று மாதம். கண்மணி வயிற்றில். பார்க்கக்கூடாது என்று பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஆனாலும் இரண்டு பேர் தோளுக்கு நடுவே தெரிந்தது. அவனைக் கிடத்தியிருந்த பலகையின் விளிம்பை என் வீட்டுக்காரர் பிடித்திருந்தார். யாரோ அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் பழையபடி ஓட ஆரம்பித்தது.

“ஏன் கப்பல் போகுது?” என்று கேட்டேன்.

“போகாம என்னம்மா செய்யும்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கண்மணி பிறந்தாள். நான்கு வருடம் ஊர்ப் பேச்சே இல்லை. அறிவழகன் பெயரையும் அவர் எடுக்கவில்லை. ஐம்பத்து ஒன்பதில் ஒருநாள் பெட்டியோடு வந்தார்.

“அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதாம். அதுக்குள்ள பேத்தியப் பாக்கணும்ங்கிறாங்க” என்றார்.

“நீங்க போயிட்டு வாங்க. நானும் பிள்ளையும் இங்கேயே இருக்கோம்.”

“பேத்தியப் பாக்கணும்ங்கிறாங்க. நான் மட்டும் போயி என்ன பண்ண?”

“எனக்குப் பயமா இருக்குங்க.”

“அதையே நெனச்சுக்கிட்டு இருக்கக்கூடாது, சந்திரா. எத்தனையோ பிள்ளைங்க போகுது, வருது.”

அவர் சொன்னது நியாயம்தான். எத்தனையோ பிள்ளைகள் போய்வருகின்றன.

அந்த வாரம்தான் அறிவழகன் முதல் தடவை வந்தான். பட்டப்பகல். நான் மாடிப்படியைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன், அவன் நடுப்படியில் நின்றுகொண்டிருந்தான். பயப்படும்படி ஒன்றும் இல்லை. கப்பலில் போட்டிருந்த அதே கால்சட்டை. தலைமுடி மட்டும் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தான், ரோட்டைக் கடக்கும்போது சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடுவார்களே, அப்படி. என்னைத் தேடி வந்தான் என்றுதான் நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே விளையாடிக்கொண்டிருந்த கண்மணியைப் பார்த்தான்.

அவன் போன பிறகு படியைத் துடைத்தேன். துணியில் உப்பு வாடை அடித்தது. எனக்குப் பைத்தியம் என்று எழுத வேண்டாம், ஐயா. வீட்டு வேலை ஒருநாளும் நின்றதில்லை. பூவம்மாவைக் கேளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் நேர்வாளங்கொட்டை கிடைக்கும். ஊரில் என் அம்மா பக்குவம் செய்து வயிறு சுத்தமாவதற்குக் கொடுப்பார். பக்குவம் செய்யாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். கண்மணிக்குக் கஞ்சியில் மிகக் கொஞ்சம்தான் கலந்தேன். கப்பலுக்கு முந்திய நாள். வாந்தியும் பேதியுமாக இரண்டு நாள் கஷ்டப்பட்டாள். கப்பல் போய்விட்டது. பிறகு அவளை மடியில் போட்டுக்கொண்டு இளநீர் கொடுத்துத் தேற்றினேன். அப்படிப் பார்த்துக்கொள்ள என்னைப்போல் யாராலும் முடியாது. மறுநாள் மாடிப்படி காய்ந்து கிடந்தது. அறிவழகன் இல்லை. ஒரு தாய்க்கு இதைவிடத் தெளிவாக யார் வந்து சொல்ல வேண்டும்?

அடுத்த வருடம் மலர்விழி பிறந்தாள். அதனால் பயணம் இல்லை, எனக்கும் வேலை இல்லை. அறுபத்து ஒன்றில் மறுபடி பெட்டி வந்தது. மறுபடி கொடுத்தேன். அந்தத் தடவை கண்மணியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. டிக்கெட்டுக்குக் கட்டியதில் பாதி திரும்பவில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். “நமக்கு ஊரு கொடுத்து வைக்கல, சந்திரா” என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டேன். வருடம் முழுக்க நடந்த கால்கள்.

பூவம்மாவுக்குச் சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் என் மேல் இல்லை. “டிசம்பர் வந்தாலே இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆகுதுக்கா. காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ லா” என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கண்மணி பெயரில் அர்ச்சனை செய்தேன்.

இந்த வருடம் கண்மணிக்கு ஏழு வயது. தமிழ்ப் பள்ளியில் முதலாம் வகுப்பு. அவள் வகுப்பில் ரபியா என்று ஒரு பிள்ளை. போன விடுமுறைக்கு நாகப்பட்டினம் போய்விட்டு வந்தது. அது சொன்ன கதையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

“அம்மா, மீனுங்க கப்பல் கூடவே குதிச்சுக் குதிச்சு வருமாம். ராத்திரி மேலேயே படுத்துக்கலாமாம். பக்கத்துல யாரு வேணா இருப்பாங்களாம், எல்லாரும் சிநேகிதம் ஆயிடுவாங்களாம்.”

தன் பாவாடைகளைப் பெட்டிக்குள் அடுக்குவாள். மறுநாள் எடுத்து உடுத்திக்கொள்வாள். துவைத்துக் காய்ந்ததும் மறுபடி அடுக்குவாள். அவரும் இந்தத் தடவை உறுதியாக இருந்தார்.

“காய்ச்சலோ வயித்துவலியோ, தூக்கிக்கிட்டாவது போயிடறது. கடல் காத்து பிள்ளைக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு” என்றார்.

அறிவழகன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டான். நடுப்படியில் நிற்கவில்லை, மேல்படிக்கு ஏறிவிட்டான். அடுத்த வாரம் அடுப்படி வாசலில் நின்றான். இந்தத் தடவை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு பெண்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது கஞ்சி வைத்தேன். கண்மணி கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, கஞ்சி வேணாம்மா.”

“ஏன்?”

“கஞ்சி குடிச்சா கப்பல் போயிடும்.”

குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை, ஐயா. மழை பெய்தால் துணி நனையும் என்பது போலச் சொன்னாள்.

“ஊருல இருந்து வந்ததும் குடிக்கிறேம்மா. நெசமா குடிக்கிறேன்.”

“வெறும் வயித்தோட இருக்கக்கூடாது. குடி.”

குடித்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

அன்றைக்குப் பட்ட பாட்டில் மறுநாள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். தலையை அவளே வாரிக்கொண்டாள். கன்னத்தைக் கையால் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. சரியாயிடுச்சு. நாம போலாம்.”

அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார். அவள் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அறிவழகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவளுடைய பொய்யை அவரும் நம்பிவிட்டார், அவனும் நம்பிவிட்டான். எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள். அன்று மத்தியானம் மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கிண்ணத்தை அவள் என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அவருடைய கையைப் பிடித்திருந்தாள். இளம் டாக்டர் ஒருவர் என்னை வெளியே கூப்பிட்டு, பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். உடனே சொல்லிவிட்டேன். நான் எதையும் மறைக்கவில்லை, ஐயா. போன தடவைகளில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

பிடாடாரி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். உங்கள் போலீஸ் ஆட்கள் என்னையும் கூட்டிப் போனார்கள், அதற்கு நன்றி. மண் நன்றாக இருந்தது, கல் இல்லாத மண். பக்கத்தில் ஒரு மரம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அதிக தூரம் இல்லை. விளக்கு வைக்க வேண்டும் என்றால் வைக்கலாம். தலைமாட்டில் உட்கார வேண்டும் என்றால் உட்காரலாம். அவளுடைய தலைமுடி காய்ந்திருந்தது. நானே தொட்டுப் பார்த்தேன்.

அங்கே அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

“இவளையாவது உங்கிட்டேருந்து காப்பாத்திக்கிறேன்” என்றார். மலர்விழி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் துக்கத்தில் இருக்கிறார். யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கடலில் அறிவழகன் எங்கே கிடக்கிறான் என்று அவரும் தேட முடியாது, நானும் தேட முடியாது. எட்டு வருடமாக அது அவருக்கு உறைக்கவே இல்லை. இப்போது மலர்விழியை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிடப் போகிறாராம். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார் என்று பூவம்மா நேற்று வந்து சொன்னாள். அவள் போன பிறகு இந்த அறை வாசலில் அறிவழகன் நின்றான். இப்போது ஒரு கையை மட்டும்தான் நீட்டுகிறான்.

கண்மணியைக் கொன்றது நான்தான். தெரிந்துதான் கொடுத்தேன், இரண்டு தடவை கொடுத்தேன். அதை எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு என்றாலும் எனக்கு வருத்தமில்லை. அவரைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்கள், அதுவும் சரி. அவர் தகப்பன். நான் கேட்பது வேறு ஒன்றும் இல்லை. கப்பல் புதன்கிழமை. அதற்கு முன்னால் மலர்விழியை என்னிடம் விடச் சொல்லுங்கள், ஐயா. ஒரு நாள் போதும்.