தொண்ணூற்றேழு சதவீதம்

உட்காருங்கள் மச்சான். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை உள்ளே தூங்குகிறாள். ஆய்வு நிலையத்திலிருந்து அவளை ஏன் நீக்கினார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொருவருக்கும் டிஸ்க்கில் நூறு ஜிபி இடம். அதைக் கோட்டா என்போம். போன வருடம் ஒருநாள் மின்சாரம் போய்வந்தது. மறுநாள் அவள் என் அறைக்கு வந்தாள்.

"என் ஃபைல் எல்லாம் சேர்த்தே முப்பது ஜிபிதாங்க. தொண்ணூத்தேழு சதவீதம் நிரம்பிடுச்சுன்னு காட்டுது."

பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் கோட்டா அட்டவணை மின்தடையில் குழம்பியிருந்தது. எங்கள் சர்வர்களில் இது சகஜம். அரை மணி நேரம் டிஸ்க்கை நிறுத்திவைத்து மறுபடி எண்ணவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வு முடிந்தால் வெளிநாட்டில் வேலை என்று உறுதியான பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. என்னையும் வரச்சொன்னாள்தான். அங்கே போய் நான் என்ன செய்வது? கோட்டா குழம்பியதைச் சொல்லாமல், என்னவென்று பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அன்று அவளை அனுப்பினேன்.

மற்றவர்களும் முணுமுணுத்ததால் அடுத்த வாரம் அட்டவணையைச் சரிசெய்தேன். எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அவளுக்கு மட்டும், அவள் கண்ணுக்கு எட்டாத ஒரு மூலையில், அவள் பெயரிலேயே ஒன்றுக்கும் உதவாத பெரிய ஃபைல்களைப் போட்டுவைத்தேன்.

எதை அழிக்கலாம் என்று தினமும் என்னிடம்தான் வந்து கேட்பாள். ஆராய்ந்து முடித்த மூலப் பதிவுகள் எதற்கு என்பேன். எண்ணூறு குழந்தைகளின் இருமல்கள் அவை. மூன்று வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் உட்கார்ந்து பதிவுசெய்தவை. இருமலைக் கேட்டே நுரையீரல் நோயை முன்கூட்டிச் சொல்லலாம் என்பது அவள் ஆய்வு. அந்தக் குழந்தைகளில் சிலர் இப்போது இல்லை. வேறெங்கும் பிரதி வைத்துக்கொள்ள நிலையம் அனுமதிக்காது. அவள் அழிக்க அழிக்க, அதே அளவுக்கு நான் சேர்த்தேன். எண் அசையவில்லை. அவளுடைய ஒரு ஃபைலையும் நான் தொடவில்லை மச்சான். எல்லாம் அவள் கையால்தான் போயின.

பிறகு அவள் முடிவுகளைச் சரிபார்க்க நிலையம் அமைத்த விசாரணைக் குழு மூலப் பதிவுகளைக் கேட்டது. கோட்டா தவறாகக் காட்டியதால் அழித்தேன் என்றாள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கோட்டாவில் பிழையில்லை என்றேன். பொய் இல்லை, அத்தனையும் அவள் பெயரில்தானே இருந்தன? இட்டுக்கட்டிய ஆய்வு என்று எழுதி, நீக்க உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "பேக்கப் ஏதாவது இருக்குமாங்க? பழசா இருந்தாலும் பரவாயில்ல."

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை. ஊட்டினால் சாப்பிடுகிறாள்.

பேக்கப் இருந்தது. அவள் அழிக்குமுன்பே நான் பிரதி எடுத்துவைத்த எண்ணூறும் என் மேசை இழுப்பறையில் ஒரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. கொடுத்திருந்தால் பழி நீங்கியிருக்கும், அந்த வேலைக்கும் போயிருப்பாள். அவளைக் கூட்டிப்போக வருகிறேன் என்று நேற்று நீங்கள் போன் செய்தீர்களே, பேசி வைத்ததும் அதை முழுக்க அழித்துவிட்டேன். ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று மூன்று தடவை.

கூட்டிப்போங்கள், நான் தடுக்கப்போவதில்லை. அவள்தான் வரமாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?